கட்டைவிரலைக் காப்பாற்றப் பினாங்குக்குப் போனேன்

இந்தப் பயணம் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பள்ளி விடுமுறை வாரத்தில் நடந்தது. ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அப்போது நான் கிள்ளானில் ஒரு சின்ன கிளினிக்கில் மசாஜ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுவலி, கழுத்துப்பிடிப்பு என்று வருகிறவர்களை டாக்டர் பார்த்து முடித்ததும் என் அறைக்கு அனுப்புவார். வருடக்கணக்காக எல்லோரையும் கட்டைவிரலாலேயே அமுக்கி, இரண்டு கட்டைவிரல்களுக்கும் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. காலையில் பற்பசை மூடியைத் திறக்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "வேற முறை கத்துக்கிட்டு வாங்கம்மா. இல்லன்னா கவுண்டர்ல உக்காந்து அப்பாய்ண்ட்மெண்ட் எழுதுங்க. உள்ளே இனி விடமாட்டேன்."

என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தண்டனையின் கொடுமை புரியும். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு முறை எழுந்து வெளியே போய் வருகிற ஆள் நான். சாப்பிடும்போதே அடுத்த வேளைச் சமையலை யோசிப்பேன். அப்படிப்பட்டவளை நாள் முழுக்க நாற்காலியில் உட்காரச் சொன்னால் என்ன ஆவது? பினாங்கில் டீப் டிஷ்யூ மசாஜும் மூச்சுப் பயிற்சியும் சேர்த்து ஐந்து நாள் வகுப்பு நடக்கிறது, கடைசி நாள் செய்முறைத் தேர்வு, தேறினால் சான்றிதழ் என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பஸ். கட்டணம் பதினேழு வெள்ளி, ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நெடுஞ்சாலை புதிது, வழியில் தாப்பாவில் மட்டும் நிறுத்தினார்கள். அங்கே எல்லோரும் நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டிரைவர் ஒரு மலாய்க்காரர். "அக்கா, டயர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று உடைந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். மூன்று மணிக்குள் பட்டர்வொர்த் வந்துவிட்டது.

அங்கிருந்து கடல் தாண்டினால் பினாங்குத் தீவு. பாலம் வழியாகத் தீவுக்கே போகிற பஸ்ஸும் உண்டு. ஆனால் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும், கால் நீட்டி நடக்கலாம். போகும்போது மட்டும்தான் டிக்கெட், அதுவும் ஒரு வெள்ளிக்குள். திரும்பும்போது இலவசம். ஃபெரி வந்து நிற்கிற ஜெட்டியிலிருந்து சூலியா ஸ்த்ரீட் நடக்கிற தூரம்தான். ஃபேன் வைத்த அறை ஒன்று இருபத்தைந்து வெள்ளிக்குக் கிடைத்தது. குளியலறை பொது. பையைக் கட்டிலில் போட்டுவிட்டு உடனே வெளியே வந்து, மாலை முழுக்க ஜார்ஜ்டவுன் தெருக்களில் அலைந்தேன். எங்கும் நின்று எதையும் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வகுப்பு ஜெலுத்தோங்கில், ஒரு கடைவீட்டின் மேல்மாடி. ஜெட்டியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். கீழே மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப். மேலே நாங்கள் பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஆளுக்கொரு அரிசிப் பையை வைத்துக்கொண்டு மூச்சு இழுத்து விட வேண்டும். கீழே யாராவது எஞ்சினை முறுக்குவார்கள். பெட்ரோல் வாசம் ஜன்னல் வழியாக வரும். எல்லோருடைய பையும் மெதுவாக ஏறி இறங்கும். என்னுடையது மட்டும் தடதடவென்று குதிக்கும். எதற்கு இந்தக் கூத்து, கையில் வேலையைக் கொடுங்கள் என்று எனக்குள் ஒரே எரிச்சல்.

சொல்லிக் கொடுத்தவர் மிஸ் ஊய் என்ற சீனப் பெண்மணி. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதல் இருக்கும். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், எடுத்ததற்கெல்லாம் "பெலான்-பெலான்", அதாவது மெதுவாக, மெதுவாக. அவர் சொன்ன முறை கேட்க எளிமையானது. விரலை மறந்துவிடு. முழங்கை, முன்கை, முஷ்டி, இவற்றை வைத்து உடம்பின் எடையைச் சாய். படுத்திருப்பவர் மூச்சை வெளியே விடும்போது மட்டும் இறங்கு. அவர் மூச்சு இழுக்கும்போது இருந்த இடத்திலேயே காத்திரு. அடுத்த மூச்சு வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம் இறங்கு. அப்படித்தான் தசையின் அடி அடுக்குவரை வலியில்லாமல் போக முடியும்.

காத்திரு என்ற இடத்தில்தான் எனக்குச் சிக்கல். என்னோடு ஜோடி சேர்ந்து பழகியவள் தேவி, பத்து ஃபெரிங்கி என்ற இடத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் மசாஜ் செய்கிறவள். முதல் நாளே அவள் குப்புறப் படுத்தபடி கத்தினாள்.

"அக்கா! என் முதுகு என்ன ரொட்டி சானாய் மாவா? பெலான்-பெலான் லா!"

"மெதுவாத்தானே செய்யுறேன்."

"எங்க மெதுவா? நான் இன்னும் மூச்சே விடல, அதுக்குள்ள நீங்க இடுப்புக்குப் போயிட்டீங்க. பஸ் பிடிக்கணுமா உங்களுக்கு?"

அவசரம் வந்தால் என் கட்டைவிரல்கள் தானாக முன்னால் வந்துவிடும். பழக்கதோஷம். இரண்டாம் நாள் மிஸ் ஊய் பொறுமை இழந்து, என் இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார். மதிய இடைவேளையில் அதைப் பிரித்து ஒட்ட நேரமில்லை என்று நான் அப்படியே சோறும் குழம்பும் போடுகிற நாசி கண்டார் கடைக்குப் போனேன். கரண்டியை நான்கு விரலால் பிடித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும். பரிமாறியவர் என் கையைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மீனில் முள்ளை எடுத்துக் கொடுத்தார். வெட்கமாகப் போய்விட்டது.

வியாழக்கிழமை மாலை மிஸ் ஊய் தேர்வு விதிகளைச் சொன்னார். சுற்று வட்டாரத்து ஆட்கள் இலவசமாக மசாஜ் செய்துகொள்ள வருவார்கள். ஆளுக்கு ஒருவர், ஒரு மணி நேரம். படுத்திருப்பவர் பேசக்கூடாது, நாமும் பேசக்கூடாது. எனக்கு மட்டும் ஒரு தனி விதி: பிளாஸ்டர் கிடையாது, ஆனால் மூன்றாவது தடவை கட்டைவிரல் பட்டால் சான்றிதழ் இல்லை. அன்று அறைக்குத் திரும்பியபோது கிள்ளான் கவுண்டரும் அதன் பச்சை நாற்காலியும் கண்முன்னே வந்து நின்றன. 

வெள்ளிக்கிழமை எனக்கு வாய்த்தவர் பரமேஸ்வரி அக்கா. புக்கிட் மெர்தாஜாமில் பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், ஐம்பது வயதிருக்கும். கரும்பலகையில் எழுதி எழுதி வலது தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையைப் பார்க்க வந்தவர், சும்மா கிடைக்கிற மசாஜை விடுவானேன் என்று மாடி ஏறிவிட்டார். கட்டிலில் குப்புறப் படுத்து, முகம் வைக்கும் ஓட்டையில் முகத்தைப் பொருத்திய நொடியிலிருந்து பேச்சுதான். குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"பிள்ளை, என்ர வீட்டு மாமரம் பக்கத்து வீட்டுக்காரன்ர பக்கம் சாஞ்சு வளர்ந்தது என்ர பிழையோ, சொல்லு பார்ப்பம். அவன் தன்ர காரைக் கொண்டுபோய்ச் சரியா அதுக்குக் கீழ விட்டா..."

"அக்கா, பேசாம இருக்கணும். டெஸ்ட்டு."

"ஓ, சரி சரி." நின்றுவிட்டது. அதோடு அவர் மூச்சும் நின்றுவிட்டது. தோள்பட்டை பலகையாகிவிட்டது. நான் முழங்கையை வைத்துக் காத்திருந்தேன். மூச்சு வருகிற மாதிரி தெரியவில்லை. கீழே ஒரு எஞ்சின் உறுமியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பொறுமை போய்விட்டது. வலது கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கியது. அறையின் அந்தக் கோடியிலிருந்து மிஸ் ஊய் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பதறி இடது பக்கம் மாறினேன். அங்கே இடது கட்டைவிரல். மிஸ் ஊய் இரண்டு விரலைக் காட்டினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிடத்திலேயே இப்படி. மீதி நேரத்தை எப்படி ஓட்டப் போகிறேன்? அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கெஞ்சல்.

"பிள்ளை, நான் கொஞ்சமாவது கதைக்கட்டோ? வாயை மூடிக்கொண்டு கிடந்தா எனக்கு மூச்சு முட்டுது."

போனால் போகிறது, எப்படியும் கெட்டாயிற்று என்று, "பேசுங்க அக்கா. அந்தக் கார் என்ன ஆச்சு?" என்றேன். அவர் தொடங்கினார். மாங்காய் விழுந்தது, காரில் பள்ளம் விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரன் கோடாரியோடு வந்தது, எல்லாம் ஒரே நீண்ட வாக்கியம். என் முழங்கை மெல்ல இறங்கியது. வாக்கியம் முடிந்ததும் வெடுக்கென்று மூச்சு இழுத்தார், நான் நின்றேன். அடுத்த வாக்கியம், மீண்டும் இறங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சு என்பது என்ன? மூச்சு வெளியே போவதுதானே! நான்கு நாளாக நான் தேடிய வெளிமூச்சை இந்த அம்மா வாரி இறைத்துக்கொண்டிருக்கிறார், நானோ வாயை மூடச் சொல்கிறேன்.

அதன்பிறகு மாமரத்தை நான் விடவேயில்லை. எத்தனை வருட மரம், என்ன ஜாதி, ஊறுகாய்க்கு ஆகுமா என்று கேள்வி போட்டுக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை இளகியது. மிஸ் ஊய் முகத்தைச் சுளித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசிக் கால் மணி நேரம் இடுப்பு. அங்கே போனபோது பேச்சு சட்டென்று நின்றது. மறுபடியும் எல்லாம் இறுகியது. மாமரத்தைப் பற்றிக் கேட்க எனக்கும் கேள்வி தீர்ந்துபோயிருந்தது. என் கட்டைவிரல் துடிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் பயந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, நீ மூச்சு விடுறாயோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை. மேல ஆள் நிக்குதோ, மயங்கிப் போச்சோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. அதுதான் நானும் அடக்கிக்கொண்டு கிடக்கிறன்."

நான் மூச்சு விடவில்லை. உண்மைதான். அமுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பலத்தாலேயே தள்ளியிருக்கிறேன், இத்தனை வருடமும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் "நல்லா மூச்சு விடுங்க" என்று அதட்டிக்கொண்டே. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்து, சத்தம் கேட்க, இருந்த மூச்சு முழுவதையும் வெளியே விட்டேன். கீழிருந்து அவரும் விட்டார். என் தோள் இறங்கியது, உடம்பு சாய்ந்தது, முழங்கை நான் தள்ளாமலேயே அவர் இடுப்பில் இறங்கியது. அப்படியே நின்றேன். அடுத்து எங்கே போவது என்று யோசிக்காமல் நின்றது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

சான்றிதழ் கிடைத்தது. பேசியதற்கு மிஸ் ஊய் மார்க் குறைத்தார். தயவு ஒன்றும் இல்லை, தேறுவதற்குச் சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். பரமேஸ்வரி அக்கா கையைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்துவிட்டு, சீசனில் வந்தால் மாங்காய் தருகிறேன் என்று சொல்லி இறங்கிப் போனார்.

இனி, இந்த மாதிரி வகுப்புக்கு வெளியூர் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில. நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். தொளதொளப்பான பருத்திச் சட்டை மூன்று போதும், எண்ணெய்க் கறை போகாது, அதனால் நல்லது வேண்டாம். வகுப்புக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள், நான் தினமும் பஸ்ஸில் போய்வந்தது வீண்தான். பினாங்கு என்றால் மதியச் சாப்பாட்டை அளவோடு நிறுத்துங்கள். நாசி கண்டார் நிறைந்த வயிற்றோடு அரிசிப் பை ஏறாது. வகுப்பு முடிந்த மறுநாளே ஊர் திரும்பாமல் ஒரு நாள் ஊரைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, சனிக்கிழமை காலை முதல் ஃபெரியில் கிளம்பிவிட்டேன். எல்லாம் ஒரே வாரத்தில் மாறிவிடுமா என்ன?

திங்கட்கிழமை டாக்டரிடம் சான்றிதழை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, என் அறைக்கு வந்து, தானே கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். "செஞ்சு காட்டுங்க." மனிதர் அதிகம் பேசாதவர். நான் அவர் மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன், பேச ஆரம்பித்தார். அவர் பேசப் பேச நான் இறங்கினேன். அவர் நிறுத்தியபோது நானும் நின்று, மூச்சு விட்டேன். முடிந்ததும் எழுந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.  வெளியே போய், காத்திருந்தவர்களில் முதல் ஆளை என் அறைக்கு அனுப்பினார்.