தண்ணீர் வடியும் சத்தம்

என் தங்கை வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் மெஷின்காரர். துணி துவைக்கும் மெஷினைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். மிக்ஸி கெட்டுப்போனால்கூட கையை விரித்துவிடுவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள். ஆனால் மெஷினைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், தட்டில் சாப்பாடு ஆறிப்போகும்.

அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். மேல்பக்கம் மூடி உள்ள மெஷின்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தண்ணீரை வெளியேற்றும் விதம் வேறு வேறாம். சிலது அழுக்குத் தண்ணீர் முழுக்க வடியும்வரை தொட்டியை அசைக்காது. வடிந்த பிறகுதான் பிழியச் சுற்றும். சில பழைய மாடல்களில் தண்ணீர் நிற்கும்போதே தொட்டி சுற்ற ஆரம்பித்துவிடும். துணியில் மண் தங்காது, அதுதான் நல்லது என்பார். எந்த ரகமானாலும் மூடியைத் தூக்கினால் சுற்றுவது நின்றுவிட வேண்டும். அதற்கென்று மூடிக்கடியில் ஒரு சுவிட்ச் உண்டு.

தங்கை வீட்டில் இருந்தது முதல் ரகம். அவள் பார்லரில் தலை பின்னும் வேலை பார்த்தாள். அவள் கையால்தான் பின்னிக்கொள்வேன் என்று காத்துக் கிடப்பார்கள். காலையில் மெஷினில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டதும் மூடியைத் தூக்கி, ஒரு பக்கமாகச் சேர்ந்த துணியைப் பரத்திவிடுவாள். இல்லாவிட்டால் பிழியும்போது அது டமடமவென்று குதிக்கும். எத்தனையோ வருஷப் பழக்கம்.

ஒருநாள் அந்த மெஷின் மண்டையைப் போட்டது. ஊர் மெஷினுக்கெல்லாம் நேரம் இருந்தவருக்குச் சொந்த வீட்டு மெஷினுக்கு இல்லை. தங்கை புலம்பித் தீர்த்த பிறகு, யாரோ வேண்டாமென்று தள்ளிய பழையதைச் சரிபண்ணிக் கொண்டுவந்து வைத்தார். அது இரண்டாவது ரகம். இது சுற்றிக்கொண்டே வடிக்கும் என்று சொல்லத்தான் செய்தார். அவள் அடுப்படியிலிருந்து சரி சரி என்றாள்.

மறுநாள் காலை நான் மாடியில் இருக்கும் என் வீட்டில் இருந்தேன். அவள் அலறல் கேட்டு இறங்கி ஓடி, பிளக்கைப் பிடுங்கினேன். வடியும் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் கையை விட்டிருக்கிறாள். சுற்றிய போர்வை மணிக்கட்டில் சுருண்டு கையை முறுக்கிவிட்டது. எலும்பு கூடியது, நரம்பு கூடவில்லை. வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மடங்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு எங்கே பின்னுவது?

பார்க்க வந்தவர்களெல்லாம் அவளைத்தான் ஏசினார்கள். சொல்லியும் கேட்காத காது எதற்கு என்று நானும் என் பங்குக்கு. அவளும், எல்லாம் என் கொழுப்பு என்று சிரித்து வைப்பாள். அவர் அந்த மெஷினை அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு தினமும் காலையில் அவரே அவளுக்குத் தலை பின்னிவிட்டார். கோணல்மாணலாக இருக்கும். அவள் கண்ணாடியில் பார்த்து, நாளைக்கு இன்னும் நல்லா வரும் என்று அவருக்குத் தைரியம் சொல்வாள். எனக்கே அவர்மேல் பாசம் வந்துவிட்டது.

ஒருநாள் நானும் கூட இருக்க அவர் பின்னிக்கொண்டிருந்தபோது பார்லர்கார அம்மா வந்தார். வேறு பெண்ணை வைத்தாகிவிட்டது என்று சொல்ல வந்தவர், கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் இந்தக் கதி வருமா என்றார். தங்கை வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

“அவ மேல தப்பில்லம்மா,” என்றார் தங்கை வீட்டுக்காரர். பாதிப் பின்னல் கையில் இருந்தது. “மூடி சுவிட்ச் ஒயரை நான்தான் சேர்த்து விட்டிருந்தேன். ரிப்பேர் பண்றப்ப, மூடியைத் திறந்து வச்சே உள்ள சுத்தறதைப் பாக்கறதுக்கு. திரும்பப் பிரிக்க மறந்துட்டேன்.”

தங்கை திரும்பவில்லை. “இல்லேன்னா, தூக்கினதும் நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்.”

“மறந்தது சரி. எல்லாரும் என்னைத் திட்டினப்ப பக்கத்துலதானே இருந்தீங்க?”

அவர் பின்னலைக் கையிலிருந்து விட்டார். அவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஏசியவர்களில் நானும் ஒருத்தி.

இப்போதும் அவர் வேலைக்குப் போகிறார். எந்த வீட்டிலும் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்த பிறகுதான் கிளம்புகிறாராம். தங்கை அவருக்குச் சோறு போடுகிறாள், பேசுகிறாள், காய்ச்சல் என்றால் பக்கத்தில் இருக்கிறாள். காலையில் மட்டும் சீப்பை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து என் முன்னால் உட்காருகிறாள். அவள் இறங்கும்வரை அவர் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறார். பின்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போகிறார்.