குள்ளர்களுக்கு ‘ங்க’ கொடுத்தவன்

அருள்புரத்தில் மூன்று மாடியில் நிற்கும் பனியன் கம்பெனியை நான் கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டினேன். கொமரலிங்கத்திலிருந்து மாற்று வேட்டி இல்லாமல் பஸ் ஏறி, துணி மடித்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்து, கட்டிங் மாஸ்டராகி, சொந்தமாக மிஷின் போட்டேன். சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது ஊரே பூட்டுப் போட்டது. நான் ஈரோட்டிலிருந்து சாயம் ஏற்றிய துணி கொண்டுவந்து ஓட்டினேன். வடக்கிலிருந்து வந்த சனத்துக்குத் தங்கும் விடுதி கட்டினேன். மகளை எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். இவற்றோடு ஒரு குள்ளர் கூட்டத்தையும் நான்தான் உண்டாக்கினேன். மற்ற எல்லாவற்றுக்கும் ஊரில் என் பெயர் சொல்கிறார்கள். குள்ளர்களுக்கு மட்டும் வேறொருவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஆறவில்லை.

என் மகளும் மருமகனும் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். மருமகன் எங்கள் கம்பெனியிலேயே டி-சர்ட்டுகளுக்குப் படம் வரைகிறவர். கூட இன்னொருவர், மருமகனோடு சென்னையில் படித்த நண்பர், மொழி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி லீவு என்பதால் கட்டிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். அதில் கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒவ்வொருவரும் ஓர் ஆளாக மாறி, அந்த ஆள் பேசுவதுபோலவே பேச வேண்டும். என் மகள்தான் நடுவில் இருந்து கதையை நடத்துவாள். சண்டை என்று வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணோடு, அந்தந்த சனத்தின் வீரத்துக்கும் பணிவுக்கும் வைத்த எண்ணைக் கூட்டுவார்கள், அல்லது கழிப்பார்கள். அந்த உலகத்தில் மனிதர் தவிர வேறு சனங்களும் உண்டு. குள்ளர், நெடுங்காதர், கோரைப்பல்லர் என்று மூன்று வகை. வெளிநாட்டில் இது பழைய விளையாட்டாம். தமிழில் பெட்டி போட்டு விற்கப் போகிறோம் என்றார்கள். நல்லது என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மருமகன் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். குள்ளர்கள் கட்டையானவர்கள், தாடி வைத்தவர்கள், குடிப்பார்கள், கோபக்காரர்கள், தங்கத்துக்காக மலையைத் தோண்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்.

“மீதி எங்கீங்க மாப்ள?” என்றேன். எங்கள் பக்கம் மருமகனிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். உள்ளே எரிந்தாலும் போட வேண்டும்.

“அவ்வளவுதானுங்க மாமா. குள்ளர்னா அப்படித்தானுங்க இருப்பாங்க.”

“அத்தன பேருமுங்களா?”

“அத்தன பேரும்தானுங்க.”

எனக்கு வந்த ஆத்திரம் குள்ளருக்காக வந்ததில்லை. இந்தப் பேச்சை நான் எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். எங்கள் ஏரியாவில் ரயிலில் வந்து இறங்குகிறவன் எல்லாம் இந்திக்காரன். விடுதி கட்டும்போது, இந்திக்காரனுக்கு ஒரு சமையல்கட்டு போதும் என்று சொல்லாத ஆள் இல்லை. நான் மூன்று வைத்தேன். பீகார்க்காரருக்கு ரொட்டி இல்லாமல் பொழுது போகாது. ஒடிசாக்காரர் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, நாம் பழையது சாப்பிடுவதுபோல, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். அசாம்காரருக்கு அந்த இரண்டும் ஆகாது. ஒருவர் நோம்பி, பண்டிகை என்று ஊருக்குப் போகும்போது மற்றவர் மிஷினில் இருப்பார். தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் ஒடிசாப் பெண் ஒருத்தி இருந்தாள். சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவளைச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, எனக்கு இந்தி வராதுங்க. தமிழ்லயே திட்டுங்க” என்றாள். செக்கிங் டேபிளே சிரித்தது. இதையெல்லாம் பார்த்தவனிடம் வந்து, ஒரு சனம் மொத்தமும் ஒரே மாதிரி என்றால் கோபம் வராதா?

“மலைக்கு இந்தப் பக்கம் இருக்கற குள்ளனும் அந்தப் பக்கம் இருக்கற குள்ளனும் எப்படீங்க ஒண்ணாவாங்க? எதுக்குத் தங்கத்தையே தோண்டோணும்? மழையில்லாத காட்டுல இருக்கறவன் தண்ணிக்குத் தோண்டட்டும். அவனுக்குக் கெணறுதான் சாமி. எந்தக் கெணத்துத் தண்ணி உப்பு, எது நல்ல தண்ணின்னு நாக்குல வெச்சுச் சொல்லட்டும்” என்றேன்.

மகள் பென்சிலை எடுத்தாள். “அப்பா, அவிய எப்படிப் பேசுவாங்க?”

“நம்மள மாதிரித்தான் அம்மிணி.”

“அப்பறம் அதுல என்ன சண்ட வரும்? எல்லாரும் வாங்க போங்கன்னே இருப்பாங்க.”

“ஆட்டத்தப் போடு, காட்டறன்.”

நான் வறண்ட காட்டுக் குள்ளர்களின் தலைவன். சென்னை நண்பர் கோரைப்பல்லர் அனுப்பிய தூதன். கிணற்றைக் கேட்டு வந்திருக்கிறார்.

“டேய் குள்ளா, உன் கிணத்தை எங்களுக்கு விட்டுடு” என்றார் அவர்.

“வாங்க. மொதல்ல உக்காருங்க. வெயில்ல வந்துருக்கறீங்க, தண்ணி குடிங்க.”

“தண்ணி வேணாம். கிணறு வேணும்.”

“அது தர்றதுக்கில்லீங்க. கைய வெச்சீங்கன்னா வெட்டிப் போடுவனுங்க.”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். “வெட்டறதுக்கு எதுக்குங்கப்பா ‘ங்க’?” என்றாள் மகள்.

“‘ங்க’ இருக்கற வரைக்கும் பேசித் தீத்துக்கலாம்னு அர்த்தம் அம்மிணி.”

சென்னைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னைப் போலவே இழுத்து, “எங்கீங்க, வெட்டுங்க பாக்கலாமுங்க” என்றார்.

நான் அவரைப் பார்த்து, “எந்திரி” என்றேன்.

ஒரே சொல்தான். மனிதர் நிஜமாகவே எழுந்துவிட்டார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்தது. யாரும் பகடையைத் தொடவில்லை. மகள்தான் மெதுவாக, “போர் ஆரம்பிச்சிருச்சு” என்றாள். மருமகனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை விதியாகவே வைத்துவிட்டார்கள்: வறண்ட காட்டுக் குள்ளர் ‘ங்க’வை விட்டுப் பேசினால் அது போர் அறிவிப்பு. அதன் பிறகு நெடுங்காதரிலும் ஆற்றோரத்தவர் தனி, மலையேறிகள் தனி என்று பிரித்தார்கள். கோரைப்பல்லருக்கு நோம்பி வந்தது, சோறு வந்தது, தாலாட்டு வந்தது. அத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்டவன் நான்.

பெட்டி வெளியானது. கோயம்புத்தூரில் ஒரு ஹாலில் விழா. நானும் வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, இந்த ‘ங்க’ விஷயம் எப்படித் தோன்றியது என்று கேட்டாள். சென்னைக்காரர் மைக்கை வாங்கி, “அது எங்கள் கள ஆய்வில் கிடைத்தது” என்றார். அந்தக் களம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

பெட்டிக்குள் இருந்த விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். ‘சனங்களும் மொழிகளும்’ என்று போட்டு அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், ‘இடமும் டீயும் தந்த மாமாவுக்கு நன்றி’. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். குள்ளர் பக்கத்துக்குப் போனால், ‘வறண்ட காட்டுக் குள்ளர் எல்லோரிடமும் பணிந்து பேசுவார்கள். பணிவு இரண்டு கூடுதல், வீரம் இரண்டு குறைவு. ‘ங்க’ விடுபட்டால் பயத்தில் இருக்கிறார்கள் என்று பொருள்.’

பயமாம். ‘ங்க’ போட்டால் பணிந்துவிட்டான் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள், அது எனக்குத் தெரியும். அப்படி நினைத்து என்னிடம் பேரம் பேச வந்தவர்கள் யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் ‘ங்க’ போட்டே வளர்ந்த என் மகளும் மருமகனும் இதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

“அவர் டாக்டர் பட்டம் வாங்குனவருங்க மாமா. மொழி விஷயம், செரியா இருக்கும்னு விட்டுட்டமுங்க” என்றார் மருமகன். “உங்க பேரும் போட்டா, குடும்பத்துக்குள்ளயே போட்டுக்கிட்டாங்கன்னு பேசுவாங்கங்க.”

“உங்க பேரு இருக்குது. என்ற புள்ள பேரு இருக்குது. இந்தக் குடும்பத்துல நான் மட்டும் ஒறம்பரையா வந்துட்டுப் போறவனுங்களா?”

“அப்பா, நீங்க ஒரு வரி எழுதுனீங்களா? பேசத்தான செஞ்சீங்க” என்றாள் மகள்.

“உன்ற வெளையாட்டே பேசறதுதான அம்மிணி?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது செரிதான்” என்று புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவப் போகுதுங்க மாமா. என்னென்ன மாத்தோணும்னு எழுதிக் குடுத்துருங்க” என்றார். எழுதச் சொன்னால் ஐந்தாம் வகுப்புக்காரன் விட்டுவிடுவான் என்று நினைத்திருப்பார். இதோ, எழுதிவிட்டேன். அவர் ஒருவர் மட்டும் படித்து மூடி வைத்துவிடக் கூடாது என்றுதான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதினேன்.

வீரத்தில் குறைத்த இரண்டையும் திரும்பப் போட வேண்டும். பயம் என்ற சொல்லை அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்து நன்றி எனக்கு வேண்டாம், அதை அடித்துவிடலாம். ‘சனங்களும் மொழிகளும்’ என்ற தலைப்பின் கீழ், டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு மேலே, என் அப்பாவின் முதலெழுத்தோடு என் முழுப் பெயர் வர வேண்டும். எழுத்தும் அவருடைய பெயர் அளவுக்கே இருக்க வேண்டும். பொடி எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.