சென்னை என்று நான் சொன்ன ஊர்

வெளியூர்க்காரர் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், ஆரம்பாக்கத்துக்காரன் வாயில் 'சென்னை' என்றுதான் வரும். பொய் சொல்லும் எண்ணமெல்லாம் கிடையாது, வழக்கமாகிவிட்டது. ஆரம்பாக்கம் என்றால், அது எங்கே என்பார்கள். கும்மிடிப்பூண்டி தாண்டி என்றால், அது ஆந்திராவாச்சே என்பார்கள். ஆளாளுக்கு வரைபடம் போட்டுக் காட்ட நான் என்ன சர்வேயரா? அதனால், என் பெண்ணைக் கேட்டுக் கும்பகோணம் பக்கத்திலிருந்து போன் வந்தபோதும், "சென்னைங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

பையனும் என் பெண்ணும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி. இருவருக்கும் பிடித்துவிட்டது. அவனுடைய அப்பா அம்மா நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர்கள் வருவதற்கு முந்தின நாளே என் பெண் எச்சரித்தாள்: "நைனா, நாளைக்கு நீ வாயத் தொறக்காத. உன் ஜோக்கு கேட்டா ஓடிப்புடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலில் சூளூர்ப்பேட்டை வண்டியில் ஏறச் சொல்லியிருந்தேன். பையன் ஷிப்ட் முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் அப்பா மீஞ்சூரிலிருந்து போன் செய்தார்.

"எறங்கிரவாங்க?"

"இல்லீங்க, இன்னும் கொஞ்சம்."

பொன்னேரியிலும் கொஞ்சம், கும்மிடிப்பூண்டியிலும் கொஞ்சம். ஆரம்பாக்கத்தில் இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆந்திரப் பிரதேசம் தங்களை அன்புடன் வரவேற்கிறது என்று செல்போன் கம்பெனிக்காரன் செய்தி அனுப்பியிருந்தான்.

"சென்னைன்னு சொல்லி வேற மாநிலத்துக்கே கூட்டியாந்துட்டீங்களே!"

எனக்குச் சிரிக்கத் தோன்றியது. பெண் சொன்னது ஞாபகம் வர, வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் காபி குடித்துவிட்டு, பையனின் அம்மா காற்று வாங்க மொட்டை மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் விரலில் கரி.

"ஏங்க, கைப்பிடிச் சுவரெல்லாம் கருப்பா இருக்கே! இங்க எப்படித்தான் குடியிருக்கீங்களோ?"

இதையேதான் நான் தினமும் டீக்கடையில் சொல்கிறேன். இதுவும் ஒரு ஊரா, இரும்பு உருக்காலைப் புகையில் காயப்போட்ட வேட்டியை எடுத்தால் தார் டின்னில் முக்கியது மாதிரி இருக்கிறது என்று என்னைவிட இந்த ஊரைத் திட்டியவன் கிடையாது. ஆனால் அந்த அம்மா சொன்னதும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

"நீங்க மாடி வீடு கட்டியிருக்கீங்களாம்மா? அதுக்குப் போட்ட கம்பி இன்னா வானத்திலேர்ந்தா வந்துச்சி? இருவத்தஞ்சு வருசமா உலைக்கு எதிர நின்னுக்கினு அடிச்சது நாங்க. கரி படாம வருமா?"

என் மனைவி தட்டில் இருந்த முறுக்கையே பார்த்தாள். பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. காலையிலிருந்து அடக்கிய வாய், கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

என் பெண்தான் பேசினாள். "கரி நெறையவே இருக்குது அத்தை. கொறைக்கச் சொல்லி கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தது நான்தான். ஆனா கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இங்கதான் இருப்பேன். வேலையும் இங்க, ஊரும் இது."

பையனின் அப்பா மகனைப் பார்த்தார். "நீ எங்கடா தங்கியிருக்கே?"

"கும்மிடிப்பூண்டிலப்பா."

"சென்னைன்னு சொன்னியே?"

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பொய்! பொருத்தம் பார்க்கவே வேணாம் போ."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்த இடம் கருத்தது. அதைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார்:

"கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளை வேட்டி எடுத்துடாதீங்க. உங்க ஊருக்கு அது தாங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் இனி அவர் சம்பந்தி, எங்கள் ஊரைத் திட்ட அவருக்கும் உரிமை வந்துவிட்டது. என்ன செய்ய?