பலகை பழகும் வரை

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். சொல்லட்டும். பெருங்களத்தூர் ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசத்தன்று ஒரு அறை மட்டும் தரை போடாமல் வெறும் சிமெண்டாகக் கிடந்ததென்றால், அது என்னால்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சிறுசேரியில் மாடாய் உழைத்துச் சம்பாதித்தவள் நான். ஒரே ஒரு அறைக்கு மரத்தரை கேட்டேன். மற்ற இடமெல்லாம் அவர்கள் இஷ்டப்படி டைல்ஸ். பலகைகள் வந்து இறங்கிய நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: கட்டைப் பிரித்து, அந்த அறையிலேயே காற்றுப் புகும்படி அடுக்கி வையுங்கள். ஏசி குடோனில் காய்ந்து கிடந்த மரம், உங்கள் ஏரிக்காற்றில் ஈரம் குடித்து உப்புகிற அளவு உப்பட்டும். மரத்தின் ஈரமும் கீழே சிமெண்டின் ஈரமும் ஒத்துவந்த பிறகு பதியுங்கள். முன்னாடியே பதித்தால் உப்ப இடமில்லாமல் பலகை முதுகைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும்.

எனக்கு இது புரிந்தது. வீட்டில்தான் யாருக்கும் புரியவில்லை. மாமியார் முகூர்த்தம் குறித்தாயிற்று, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. பதிக்க வந்த ஆசாரி ஈரம் பார்க்கிற கருவியைப் பலகையில் குத்தினார், தரையில் குத்தினார்.

"கொஞ்சம் வித்தியாசம் கீது. பரவால்ல மேடம், அடிச்சுத் தள்ளிடலாம்."

"தள்ள வேணாம். சரியானதும் கூப்பிடறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது ரகளை. சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கணவர் கேட்டார். "நினைச்சுக்கட்டும். அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை நுழையாது" என்றேன். தினமும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஃப்ளாட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, பலகைகளைத் தடவிப் பார்ப்பேன். ஒரு நாள் எல்லோரும் ஃப்ளாட்டைப் பார்க்க வந்தபோது மாமியார் பார்த்துவிட்டார்.

"மரத்தை உக்கார வெச்சு என்னம்மா இவ்ளோ உபசாரம்? அது என்ன, மறுவீடு வந்த மாப்பிள்ளையா?"

நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"மாப்பிள்ளை இல்ல அத்தை, மருமக! கல்யாணமாகி வந்த மறுநாளே, காபித்தூள் டப்பா எதுன்னுகூடத் தெரியாதவள அடுப்பு முன்னாடி நிக்க வெச்சீங்களே. எனக்குக் குடுக்காத நாளை இந்த மரத்துக்காவது குடுக்கறேன்!"

கத்தியே விட்டேன். மாமியார் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். தேவையா இது என்று கணவர் முணுமுணுத்தார். தேவைதான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் புது வீட்டைக் கழுவிவிடப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நம் வீடுகளில் கழுவுவதென்றால் துடைப்பதா என்ன, வெள்ளம்தான். பக்கெட் பக்கெட்டாக மஞ்சள் தண்ணீரைக் கொட்டி ஹாலை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் பாத்திரங்களோடு மாட்டிக்கொண்டிருந்தேன். "அந்த ரூமையும் கழுவிடலாம்" என்று நாத்தனார் குரல் கேட்டது. ஐயோ! இத்தனை நாள் கட்டிக் காத்ததெல்லாம் ஒரு பக்கெட்டில் போச்சே என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

அறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு. எதிரே நாத்தனார், கையில் பக்கெட்டோடு.

"இங்க ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

"என்னம்மா நீ! ஒரு ரூமைக் கழுவாம வெச்சுக்கிட்டா பால் காய்ச்சறது?"

"ஆமா. புதுசா வந்திருக்கு. பழகட்டும்."

நாத்தனார் பக்கெட்டைக் கீழே வைத்தாள். மாமியார் வாசலை விட்டு நகரவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு மட்டும் யாருடி நாள் குடுத்தாங்க?"