நெல்லிக் கிரஷ் போத்தலில் வந்த கிணற்றுத் தண்ணீர்

என் ஆய்வுகூடத்து இறாக்கையில், கிருமி நீக்கிய மாதிரிப் போத்தல்கள் வரிசையாக நிற்கும் தட்டில், ஒரு பழைய நெல்லிக் கிரஷ் பானப் போத்தலும் நிற்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் கிழமையிலேயே அதைக் குப்பையில் போடப் பார்ப்பார்கள். நானும் தவறாமல் ஏசுவேன். ஏசி முடித்த பிறகுதான் அதன் கதையைச் சொல்வேன்.

அதைக் கொண்டுவந்தவர் பவுசர் அண்ணை. மலசலகூடக் குழிகளை உறிஞ்சி எடுக்கும் பிரதேச சபைப் பவுசர் வண்டியின் சாரதி. அவர் வந்த அன்று நான் நல்ல எரிச்சலில் இருந்தேன். கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்கார அக்கா ஒருவரின் சிறுநீர் மூன்றாவது தடவையாகப் பரிசோதனைக்கு வந்திருந்தது. கிருமியை வளர்க்கும் தட்டில் சின்னச் சின்ன மருந்து வில்லைகளை வைப்போம். அந்த மருந்து கிருமியைக் கொன்றால், வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வட்டம் விழும். அக்காவின் தட்டில் வில்லைகளின் விளிம்புவரை கிருமி ஏறி நின்றது. ஒரேயொரு ஊசிமருந்துக்கு மட்டும் வட்டம் விழுந்தது. அதைப் போட்டுத்தான் அக்கா பிழைத்தார். பெரிய வைத்தியசாலை விடுதிகளில் காணும் கிருமி அது. காய்ச்சலுக்குக்கூட வைத்தியசாலைப் பக்கம் போகாத, வெங்காயம் நடுகிற மனிசிக்கு அது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

பவுசர் அண்ணை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் போத்தலை நீட்டினார்.

“மிஸ், இஞ்ச சோதனைக்கு வந்த கோப்பாய் அக்கா வீட்டுக் கிணத்துத் தண்ணி. ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ. போத்தலை வடிவாக் கழுவினனான். கிருமி கொல்லுற மருந்து விட்டு மூண்டு தரம் குலுக்கினனான்.”

“ஐயோ அண்ணை! கிருமியைத் தேடச் சொல்லிக் கொண்டுவந்து, வாற வழியிலேயே அதைச் சாக்காட்டிப் போட்டியளே!” என்று கத்திவிட்டேன்.

விருந்தாளி வருகிறார் என்றால் முற்றத்தைக் கூட்டி, கிணற்றையும் இறைத்துவிடுகிற சனம் நாங்கள். ஆய்வுகூடத்துக்கு ஊத்தைப் போத்தல் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் கத்தியும் அவர் போகவில்லை. கதவருகிலேயே நின்று, தொண்டையைச் செருமிவிட்டு, “அந்தக் கிணறு பழுதாப் போயிருந்தா, அது நான் செய்த வேலை மிஸ்” என்றார்.

எரு என்றால் எங்கள் தோட்டக்காரருக்கு உயிர். “உதைக் கொண்டுபோய் எங்கையோ கொட்டுறியள், எங்கடை வாழைக்கு விடுங்கோவன்” என்று அக்காவின் கணவர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் எப்போதும் தேத்தண்ணியும், செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரும் குடித்துப் பழகியவர் அண்ணை. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. வாழைப் பாத்திக்கு விட்டவற்றில், ஒரு தனியார் வைத்தியசாலைக் குழியில் உறிஞ்சியதும் இருந்தது. “எல்லாம் மனிசர் கழிச்சதுதானே எண்டு நினைச்சன் மிஸ்.”

எல்லாம் ஒன்றல்ல. வைத்தியசாலைக் குழிக்குள், நோயாளிகள் விழுங்கிய மருந்தின் மிச்சமும் அதற்குச் சாகாத கிருமிகளும் ஒன்றாகக் கிடக்கின்றன. தப்பிப் பிழைக்கும் வித்தையை அவை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதோ வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குள் இறங்க அதிக காலம் எடுக்காது. சரியான போத்தலோடு நானே அவருடன் போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன். அக்காவின் தட்டும் கிணற்றின் தட்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன.

என் அறிக்கையின் பேரில் சுகாதாரப் பகுதி கூட்டிய விசாரணையில், தங்கள் கழிவெல்லாம் சபை ஒதுக்கிய இடத்துக்கே போனது என்று வைத்தியசாலைத் தரப்பு கடிதம் நீட்டியது. அக்கா வீட்டு மலசலகூடம்தான் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடவும் அதிகாரிகள் ஆயத்தமாகிவிட்டார்கள். பவுசர் அண்ணை வாய் திறந்திருக்கவே தேவையில்லை. எத்தனையோ வருடம் தற்காலிக ஊழியராக இழுபட்டவருக்கு, அடுத்த மாதம் நிரந்தர நியமனம் வருவதாக இருந்தது. சொல்லுங்கோ என்று கண்ணால்கூடக் காட்ட எனக்குத் துணிவில்லை.

அவர் எழும்பினார். “அந்தக் குழியில எடுத்ததை நான்தான் தோட்டத்தில விட்டனான். அந்த வீட்டு ஆக்களில பழி போடாதேங்கோ.”

படித்தவர்கள் எத்தனை பேர் அங்கே இருந்தோம். எழும்பி நின்றவர் அவர் ஒருவர்தான். அந்தமுறை நியமனப் பட்டியலில் அவருடைய பெயர் வரவில்லை. ஆனால், கழிவைச் சுத்திகரிக்காமல் குழியைத் திறக்கக்கூடாது என்று அந்த வைத்தியசாலைக்குக் கட்டளை போனது. அதன்பிறகு எந்த வைத்தியசாலைக் கழிவும் எங்கள் பகுதித் தோட்டங்களுக்குப் போகவில்லை.

அக்கா வீட்டார் அவரைக் கோபிக்கவில்லை. கேட்டது தாங்கள்தானே என்று அவர்களுக்கும் வெட்கம். அண்ணைதான் அந்த வீட்டில் வாய் நனைக்க மறுத்துவிட்டார். “நீங்கள் உந்தக் கிணத்தில குடிக்கிற அண்டைக்குத்தான் நானும் குடிப்பன்” என்று சொல்லிவிட்டாராம். மாதம் ஒருமுறை, தன் லீவு நாளில், நான் கொடுத்த போத்தலில் மாதிரி எடுத்துவருவார். விரல் படாமல் மூடி திறக்க என்னைவிட அவருக்கு நன்றாக வந்தது. கிணற்றை இறைத்தார்கள், குளோரின் போட்டார்கள். இரண்டு மாரிகாலம் போயிற்று. ஒவ்வொரு மாதமும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அடுத்த மாதத்துக்கான போத்தலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பிறகு ஒரு காலை, தட்டில் ஒன்றும் வளரவில்லை. நம்பாமல் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் பார்த்தேன். ஒன்றுமேயில்லை. “குடிக்கலாம் அண்ணை, ஆனா கொதிக்கவைச்சு” என்று தொலைபேசியில் அவருக்குச் சொன்னேன்.

அன்று பின்னேரம் வாசலில் வந்து நின்றார், அதே நெல்லிக் கிரஷ் போத்தலோடு.

“என்ன மருந்து விட்டுக் கழுவினியள்?” என்றேன்.

“வெறுந்தண்ணியாலதான். அக்கா கொதிக்கவைச்சு, ஆறவைச்சுத் தந்துவிட்டவ. இது பாக்கிறதுக்கில்லை மிஸ், குடிக்கிறதுக்கு.”

ஆய்வுகூடத்துக்குள் வாயில் எதுவும் வைக்கக்கூடாது. இருவரும் வெளி விறாந்தைக்குப் போனோம். “நீங்கள் குடிச்சிட்டியளோ?” என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார், கண் நிறைந்துவிட்டது. நான் அண்ணாந்து மிச்சம் வைக்காமல் குடித்தேன். என் உத்தியோக காலத்தில் எவ்வளவோ பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவை எந்தக் கோப்புக்குள் இருக்கின்றன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பவுசர் அண்ணைக்குப் பிந்தித்தான் நியமனம் கிடைத்தது. இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். மாதிரி எடுக்கப் பழக வருகிறவர்களுக்கு, அவர் விரல் படாமல் மூடி திறந்த விதத்தையே நான் காட்டிக்கொடுக்கிறேன். கதை முடிந்ததும், குப்பையில் போட எடுத்த பிள்ளையே போத்தலைத் துடைத்துத் திரும்ப இறாக்கையில் வைக்கும். போன கிழமை ஒருத்தி அதைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. எல்லாப் போத்தல்களுக்கும் முன்னால் வைத்தாள். நான் ஏசவில்லை.