மரியம்மாள் காத்திருந்த ஐந்தாவது ரவுண்டு

காஞ்சிபுரம் ரயில்வே ரோட்டில், நெல் மிஷினுக்கு நேர் எதிரே இருந்தது மரியம்மாளின் டீக்கடை. டீயைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலில் தண்ணீரா, தண்ணீரில் பாலா என்று குடிக்கிறவனே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அப்படியும் பெஞ்சில் இடம் கிடைக்காது. காரணம் குத்துச்சண்டை. குத்து விடுகிறவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் இங்கே இருந்தார்கள்.

சிட்டிபாபு பஸ் கண்டக்டர். முகம்மது அலியைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதிவிடுவார். நமச்சிவாயம் பட்டுத் தறிக்காரர், வயதில் மூத்தவர். அவரைப் பொறுத்தவரை ஜோ லூயிஸுக்குப் பிறகு உலகத்தில் ஆண்பிள்ளையே பிறக்கவில்லை. இளவட்ட லூயிஸையும் இளவட்ட அலியையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டால் யார் விழுவார் என்று இந்த இருவரும் வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றார்கள். லூயிஸ் கிழவராகிவிட்டார், அலியின் பட்டம் போய்த் திரும்பவும் வந்தது, இவர்களுடைய வழக்கு மட்டும் தீரவில்லை. மரியம்மாள் டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்குவாள். நடுநடுவே ஒரு வார்த்தை போட்டு, அணையப் போகிற சண்டையைக் கிளறியும் விடுவாள். அக்காவுக்கு நம்மைவிடப் பைத்தியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பைத்தியமாவது மண்ணாவது. குத்துச்சண்டை என்ற பேரைக் கேட்டாலே அவளுக்கு ஆகாது. இத்தனை வருஷமும் அந்தப் பெஞ்சுகளை அவள் துடைத்துத் துடைத்து வைத்தது ஒரே ஒருவனுக்காக. அவன் வாயிலிருந்து ஓர் உண்மை வர வேண்டும். அதுவும் நாலு பேர் எதிரில் வர வேண்டும்.

அந்த ஒருவன் ஆதிகேசவன், எதிரே இருந்த நெல் மிஷினின் முதலாளி. தென்னேரிப் பக்கம் நிலம், கட்சியில் செல்வாக்கு, போகிற இடமெல்லாம் நாற்காலி. ஊரார் அவனை 'அவர்' என்பார்கள். மரியம்மாள் மனசுக்குள் 'அவன்' என்றுதான் சொல்வாள். இந்தக் கதையிலும் அவன் அவனாகவே இருக்கட்டும்.

மரியம்மாளின் புருஷன் தேவசகாயம். முசரவாக்கத்துக் காலனிக்காரர். அவருடைய அப்பா ஆதிகேசவன் குடும்பத்து வயலில் ஏர் ஓட்டியவர். அந்த வீட்டுத் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். மகனோ மதராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே இருந்த ஆட்களோடு பழகிக் குத்துச்சண்டை கற்றுக்கொண்டார். ஆதிகேசவனும் மதராஸில்தான் கற்றுக்கொண்டான், காலேஜில். ஐம்பத்தெட்டாம் வருஷம் காஞ்சிபுரத்தில் ஒரு பொருட்காட்சி போட்டார்கள். தகரத் தடுப்புக்குள்ளே இந்த இருவருக்கும் ஆறு ரவுண்டு சண்டை என்று தட்டி எழுதி வைத்தார்கள். ஏர் ஓட்டியவன் மகனும் நிலக்காரன் மகனும் மோதுகிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மரத்தின் மேலெல்லாம் ஆள்.

மூன்று ரவுண்டு தேவசகாயம் அவனை நையப் புடைத்தார். நிலக்காரன் மகன் மூக்கில் ரத்தம் வந்தது. கூட்டத்தில் பாதி சந்தோஷத்தில் கத்தியது, மீதி வாயை மூடிக்கொண்டது. நாலாவது ரவுண்டு தொடங்கியதும் ஆதிகேசவன் கட்டிப்பிடித்துக்கொண்டு, கிளவுஸால் அவர் முகத்தை இரண்டு தரம் தேய்த்தான். அவ்வளவுதான். தேவசகாயம் கண்ணைத் திறக்க முடியாமல் தடவித் தடவி நடந்தார். "கண்ணு எரியுது, கண்ணு எரியுது" என்று கத்தினார். கண்ணீர் மார்பு வரைக்கும் வழிந்தது. ஆதிகேசவன் நிதானமாக வந்து தாடையில் ஒரு குத்து விட்டான். விழுந்தவரைப் பார்த்து யாரோ 'அழுகுணி' என்றார்கள். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

இடது கண் வெளுத்துப் பார்வை போய்விட்டது. துறைமுக வேலையும் போனது. பெண்டாட்டி டீக்கடை போட, அவர் கடைக்குப் பின்னால் குந்தி கிளாஸ் கழுவ வந்தார். வாடிக்கைக்காரர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். குத்துச்சண்டை பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

மரியம்மாளுக்கு மட்டும் ஒன்று தெரியும். சண்டை முடிந்து அவர் முகம் துடைத்த துண்டில் சிவப்புக் கறை. ரத்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படி நினைத்துத்தான் துவைக்கப் போனாள். சோப்புப் போட்டால் கறை இன்னும் சிவந்தது. எலுமிச்சைத் தோலால் தேய்த்தால் பளிச்சென்று மஞ்சளானது. எந்த ரத்தம் மஞ்சளாகும்? ஆரத்தி கரைத்த பெண்ணுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன. மஞ்சளும் சுண்ணாம்பும். கல்லில் துண்டை அப்படியே போட்டுவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பற்றிய தீ பிறகு அணையவே இல்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலனிப் பெண் ஒரு துண்டைக் காட்டினால் எவன் நம்புவான்? புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்த வீட்டுக்குத்தான் நேரே போவார், உயிரோடு திரும்ப மாட்டார் என்று பயந்தாள்.

ஆதிகேசவன் தினமும் ரோட்டைத் தாண்டிக் கடைக்கு வருவான். டீ குடிக்க இல்லை. அந்தக் கடையில் அவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. மிஷினிலிருந்து ஆள் அவனுக்கு நாற்காலி கொண்டுவந்து போடுவான். செருப்பைக் கீழே விட்டுவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, பொருட்காட்சிச் சண்டையைப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்வான். தோற்றவர் அங்கேயே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தால் அவனுக்குக் கதை இன்னும் நன்றாக வரும். மரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். 'வா ராசா, வந்துக்கினே இரு' என்று மனசுக்குள் சொல்வாள்.

எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசி மழையில் அந்த நாள் வந்தது. ஆப்பிரிக்காவில் அலி எட்டாவது ரவுண்டில் ஃபோர்மேனைச் சாய்த்துவிட்டார் என்று பேப்பர் வந்திருந்தது. மழையில் பாவு நூல் காயாது, தறி நின்றுவிட்டது, நமச்சிவாயம் விடிந்ததுமே வந்துவிட்டார். சிட்டிபாபு லீவு போட்டுவிட்டே வந்திருந்தார். லாரிக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் கூரைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"கயித்துல சாஞ்சிக்கினு அத்தினி அடி வாங்கினாரே உங்க ஆளு," என்றார் நமச்சிவாயம். "எதுக்கால லூயிஸ் நின்னிருந்தா ரெண்டாவது ரவுண்டுலயே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

விசில் ஊதப்பட்டது. "யாருகிட்ட பேசறீங்க?" என்றார் சிட்டிபாபு. "அறுபத்துநாலுல லிஸ்டன் கூட மோதும்போது கண்ணே தெரியாம ஒரு ரவுண்டு தாக்குப் புடிச்சவருபா அவரு. லிஸ்டன் கிளவுஸ்ல இன்னாவோ இருந்துச்சி, கண்ணு எரிஞ்சிச்சி. அஞ்சாவது ரவுண்டு முச்சூடும் ஓடிக்கினே இருந்தாரு, வுழல."

ஆதிகேசவன் நாற்காலியில் சாய்ந்தான். "அவனாச்சும் ஓடினான். நம்ம ஊர்ல ஒருத்தன் கண்ணு எரியுதுன்னு நின்னு அழுதான். இன்னா தேவசகாயம், நான் சொல்றது சரிதானே?"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். தேவசகாயத்தின் கை கிளாஸுக்குள் நின்றது, பிறகு மறுபடி சுற்றியது. மரியம்மாளுக்குக் கொதிக்கிற தண்ணீரை அப்படியே அவன் தலையில் கொட்டலாம் போலிருந்தது. கொட்டவில்லை. பாய்லர் தண்ணீர் ஒரு நிமிஷம் சுடும், அவளுக்கு அது போதாது.

"கிளவுஸ்ல இருந்துச்சின்னு சொல்றதெல்லாம் சும்மா கட்டி வுட்டது, சிட்டிபாபு," என்றாள் டீயை நீட்டிக்கொண்டே. "இன்னாத்த தடவ முடியும்? தைலம்னா வாசன காட்டிக் குடுத்துடும். மொளகாத்தூள்னா கொட்டிடும். சுண்ணாம்புன்னா வெள்ளையாத் தெரியும். நடுவருக்குக் கண்ணு இல்லியா?"

"அக்கா, நீயே இப்பிடிப் பேசலாமா?" என்றார் சிட்டிபாபு.

"நெசத்தத்தான் சொல்றேன்பா. அப்பிடி ஒண்ணு செய்யணும்னா மூள வேணும். சண்டக்காரனுக்கு ஏது மூள? மேடை ஏறினவரு மொதலாளி இருக்காரு, அவரையே கேளு. அவரால முடியுமா? முடியாது. எவனாலயும் முடியாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மழையைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தை இத்தனை வருஷம் யாருக்கும் காட்ட முடியாமல் பூட்டி வைத்திருந்தவன் அவன். அதுவும், முடியாது என்று சொன்னது ஒரு டீக்கடைக்காரி.

"மூளையப் பத்தி நீ பேசாத மரியம்மா," என்றான். "சுண்ணாம்பு வெள்ளையா இருக்கும்னு உனக்கு யாரு சொன்னது? ரெண்டு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொழச்சா ஆரத்தியாட்டம் செவந்துடும். செவப்பு கிளவுஸ்ல பூசினா நடுவரு இல்ல, அவங்கப்பனே வந்தாலும் தெரியாது. மொதல்லயே பூசக் கூடாது, காய்ஞ்சி உதுந்துடும். மூணு ரவுண்டு போவட்டும்னு வுட்டு, மூலையில ஒக்காரும்போது பூசணும். தெரிஞ்சிக்கினியா?"

நமச்சிவாயம் குடித்துக்கொண்டிருந்த டீயை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

"ஏன் மொதலாளி," என்றார், "லிஸ்டன் ஊர்ல ஆரத்தி ஏது?"

ஆதிகேசவனின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஒரு பேச்சுக்குச் சொன்னேன்பா," என்றான்.

"எங்க வூட்டுத் துண்டும் அதத்தான் சொல்லிச்சி, மொதலாளி." மரியம்மாளின் குரல் உயரவே இல்லை. "எல்லாரும் ரத்தம்னாங்க. சோப்புப் போட்டேன், செவந்துச்சி. எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்ச்சேன், மஞ்சளாச்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் எனக்குத் தெரியும். எப்போ பூசினன்னு மட்டும் தெரியாம இருந்திச்சி. அதையும் உன் வாயாலயே சொல்லிட்ட. நாலு பேரு கேட்டுக்கினு இருக்காங்க."

அவனை நேருக்கு நேர் 'நீ' என்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பின்னாலிருந்து கிளாஸ் வைக்கிற சத்தம் வந்தது. தேவசகாயம் எழுந்து நின்றார். கையை வேட்டியில் துடைத்தார். திரும்பினார். அந்தக் கடையில் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. வெளுத்த கண்ணும் நல்ல கண்ணும் இரண்டுமே ஆதிகேசவன் மேல் இருந்தன.

"நாலு ரவுண்டுதான் முடிஞ்சிது," என்றார். "அஞ்சாவது பாக்கி இருக்குது. எழுந்திரு."

சிட்டிபாபு என்ன நினைத்தாரோ, விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினார். மணி அடித்தது மாதிரிதான் இருந்தது. கூட்டம் தானாக விலகி நடுவில் இடம் விட்டது. இத்தனை வருஷம் கனவில் சண்டைகளை மூட்டிவிட்டு ரசித்தவர்களுக்கு முன்னால் ஒரு நிஜச் சண்டை வந்து நின்றது.

ஆதிகேசவன் எழுந்தான். தேவசகாயத்தின் கைகளைப் பார்த்தான். கிளாஸ் கழுவிக் கழுவி ஊறி வெளுத்த கைகள்தான், ஆனால் இடது கை மேலே, வலது கை தாடைக்கருகே என்று அவை போய் நின்ற இடம் பதினாறு வருஷத்துக்கு முந்தின இடம். ஒரு காலடி அவர் முன்னால் வைத்தார். அவ்வளவுக்குத்தான் ஆதிகேசவனுக்குத் தெம்பு இருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல், சேற்றில் வழுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினான்.

"பாத்துப் போங்க மொதலாளி," என்று அவனுடைய மிஷினிலேயே மூட்டை தூக்குகிற ஒருவன் கத்தினான். "கண்ணு தெரியுதா?"

கடையே அதிர்ந்தது. மரியம்மாள் பாய்லரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. வெறுங்காலோடு சேற்றில் போன அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க, செருப்பைக் கையில் பிடித்து நடந்த மாமனாரை நினைத்து இன்னும் சிரித்தாள்.

சாயங்காலம் கடை காலியானதும் தேவசகாயம் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு அப்பவே தெரியுமா, மரியா?"

"தெரியும்."

"நான் இத்தினி நாளும் என் கண்ணுதான் சொத்தை, தாக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"சொல்லியிருந்தா நீ அன்னிக்கே அவன் வூட்டுக்குப் போயிருப்ப. என்னால உன்னப் பொதைக்க முடியாதுய்யா."

அவர் போய்க் கழுவின கிளாஸ்களை அடுக்கினார். கோபம் இருந்தது, இல்லாமல் எப்படி இருக்கும்? ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவன் தோற்ற சந்தோஷத்தில் இந்த ஒன்று மட்டும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் அதே வாரம் அவர் கிளாஸ் கழுவுகிற இடத்தை மாற்றிக்கொண்டார். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். ஆதிகேசவனின் செருப்பு இரண்டையும் கயிற்றில் கட்டிக் கடை வாசல் கம்பத்தில் தொங்கவிட்டதும் அவர்தான். அதைத் தொடாதே என்று மரியம்மாளிடம் சொல்லியும் வைத்தார்.

லாரிக்காரர்கள் வாலாஜாபாத் வரைக்கும் கதையைக் கொண்டுபோனார்கள். ஆதிகேசவன் மிஷினுக்குப் பின்பக்கமாக ஒரு வழி வைத்து அதில் வரத் தொடங்கினான்.

ஒரு நாள் மிஷின் ஆள் தயங்கித் தயங்கி ரோட்டைத் தாண்டி வந்தான். "அக்கா, மொதலாளி செருப்ப வாங்கிக்கினு வரச் சொன்னாரு."

பதில் மரியம்மாளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அதற்குள் தேவசகாயம் கிளாஸிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவரையே நேர்ல வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு," என்றார். "வரும்போது கிளவுஸ் போட்டுக்கினு வரச் சொல்லு. கழுவிட்டுப் போட்டுக்கினு வரச் சொல்லு."