துப்பிப் பார்த்த விஸ்கி

தேநீரை வாயில் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தரம் சொல்வதுதான் என் வேலை. பதினாறு வருடமாகக் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் இதைச் செய்கிறேன். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று பார்க்க மட்டும் கூப்பிடுவார்கள்.

போன வருடம் விடுமுறையில் வந்த அண்ணாதான் முதன்முறையாக என் நாக்கைத் தேடி வந்தவர். அவருக்குக் கப்பலில் எஞ்சின் பக்கத்து வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து நான் இறால் குழம்பை இறக்கி வைத்த நேரம், மேசையில் ஒரு விஸ்கிப் போத்தலை வைத்தார்.

"சிங்கிள் மோல்ட். பார்லியைப் புகையில காயவைச்சுச் செய்யிறது. எங்கட சீஃப் எஞ்சினியர் ஊருக்குப் போனா இந்த வகையைத்தான் குடிப்பாராம். அவர் வாங்கிறது எனக்குக் கட்டாது. எயார்போர்ட் கடையில புகை வகையிலேயே மலிவானது எது எண்டு கேட்டு வாங்கினன். நல்லதோ கூடாதோ எண்டு நீ சொல்லு."

"நீங்க குடிச்சுப் பார்க்கேல்லையா?"

"இல்ல. நான் சாராயம் குடிச்சுப் பழகின ஆள், எனக்கு என்ன விளங்கும்? உன்ட நாக்குக்கெண்டா சம்பளம் குடுக்கிறாங்கள்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். நிறத்தைப் பார்த்தேன், மணந்து பார்த்தேன், பிறகு கந்தோரில் செய்வதுபோலவே சத்தமாக உறிஞ்சினேன். நாக்கு எரிந்தது. உருட்டினேன். எழும்பிப்போய்க் குசினித் தொட்டியில் துப்பினேன்.

அண்ணா கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். "துப்பிப்போட்டியா?"

"துப்பாமல் எப்பிடித் தரம் சொல்றது?"

"அது தேத்தண்ணி இல்லையடி."

என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். சுட்ட கருவாடு. அணைத்த தேங்காய்மட்டை. அதற்குப் பின்னால் ஆஸ்பத்திரியில் நிலம் கழுவும் மருந்து. எங்கள் தொழிலில் புகை என்பது குற்றம். காயவைக்கிற அடுப்பில் எங்காவது ஒழுக்கு இருந்தால் புகை தேயிலையில் ஏறிவிடும், அந்த மாதிரியை நான் முதல் உறிஞ்சலிலேயே தள்ளிவைப்பேன். "அண்ணா, இது எங்களிட்ட வந்திருந்தா ஃபாக்டரிக்குத் திருப்பி அனுப்பியிருப்பன்."

அவர் போத்தலைத் திருப்பி அதன் லேபிளை வாசித்தார். கப்பலிலிருந்து இறங்கி, நீண்ட பயணக் களைப்போடு கடையில் நின்று, விலை பார்த்துப் பார்த்து அதை எடுத்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு வாய் கசந்தது. என் கணவர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, "மச்சான், ஜிஞ்சர் பியர் கலந்தா புகை மணம் போயிடும்" என்றார். அண்ணா போத்தலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மாதிரியை ஒருதரம் பார்த்துத் தள்ளுவது சரியில்லை என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறவளும் நான்தான். இன்னொரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, சோசரால் மூடினேன். கத்தரிக்காய் பொரித்து முடியும்வரை அப்படியே வைத்தேன். அண்ணா குசினி வாசலில் வந்து நின்று அந்தச் சோசரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்தபோது புகை இருந்தது, ஆனால் முன்னுக்கு நின்று கத்தவில்லை. அதற்குக் கீழே வறுத்த பார்லியின் இனிப்பு வந்தது. கொஞ்சம் தோடம்பழத்தோலின் ஆரஞ்சு மணம். கடைசியில், கடற்கரையில் நடந்தால் உதட்டில் படியுமே, அந்த உப்பு. இந்தமுறை விழுங்கினேன்.

"என்ன?" என்றார் அண்ணா.

"வயசு காணாது. தண்ணி விடாட்டி எரிக்குது. ருசியும் கெதியா முடிஞ்சுபோகுது. ஆனா பொய்யில்லாத சாமான். இந்த விலைக்கு நல்லாத்தான் வாங்கியிருக்கிறீங்க."

"உண்மையாத்தான் சொல்றியா, இல்ல எனக்காகவா?"

"எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அதற்குப் பிறகுதான் அவர் முகம் விரிந்தது. மூன்று கோப்பைகளில் ஊற்றித் தண்ணீர் விட்டார். முதல் மிடறுக்கு அவருக்குக் கண் கலங்கியது. இரண்டாவதற்குத் தலையாட்டினார். என் கணவர், கொசுவுக்குக் கொளுத்துகிற நுளம்புச்சுருளைக் கரைத்துக் குடிப்பதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் காலியாக்கினார்.

அண்ணா உடனே வாட்ஸ்அப்பில் சீஃப் எஞ்சினியரைக் கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் கருவாட்டிலிருந்து ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். மருந்து மணம்தான் தனக்கு அதில் ஆகப் பிடித்தது என்று அந்த மனிதர் சொன்னாராம். தங்கச்சிக்கு என்ன தொழில் என்றும் கேட்டாராம். பல்கனியில் நின்றபடி அண்ணா எங்கள் தேயிலை ஏலத்தைப் பற்றியும், ஒரு நாளில் நான் எத்தனை கோப்பை பார்ப்பேன் என்பதைப் பற்றியும், பாதி சரியாகவும் பாதி கூட்டியும் விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பைத் திரும்பச் சூடாக்கிவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.